மேடானுக்கு ஐம்பது நிமிடம்

— அந்தச் சாம்பல் பானைல கைய வெச்சுப் பாரு, இந்தப் படகு ஜெட்டியிலயே அசிங்கமாயிடும். சொல்லிட்டேன்.

— எனக்கும்தான் க்கா அவரு அப்பா. குடு.

— ஓ, இன்னிக்கு அப்பாவா? நேத்து சாயங்காலம் சுடுகாட்டுல பண்டாரம் “மகன் எங்க, மகன் எங்க”ன்னு கேட்டாரே, அப்ப எங்க இருந்தாரு தொர?

— மேடான்ல. எத்தன தடவ சொல்றது? பினாங்கு ஏர்போர்ட்ல எறங்கி போனத் தொறந்தேன், பக்கத்து வீட்டு லோகேஸ் விஷயத்தச் சொன்னான். வீட்டுக்குக்கூட போகல, நேரா இங்க வந்துட்டேன்.

— பாருங்க மாமா, இந்தோனேசியாவுல வாங்குன தொப்பியோட வந்து நிக்கிறான். அப்பன் சாம்பலக் கரைக்க வர்ற லட்சணமா இது?

— வசந்தா, மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டுடா. உமா, நீயும் கொஞ்சம் கொரல எறக்கு. இந்தத் தஞ்சோங் டாவாய் ஊரு மீன்காரன் பூரா நம்மளத்தான் பாக்குறான். உங்கம்மாகூடப் பொறந்த பாவத்துக்கு நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

— பாக்கட்டும் மாமா, எனக்கென்ன வெக்கம்? எந்த ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனானான்னு கேளுங்க.

— கடைசி வரைக்கும் எனக்கே தெரியாது லா, எப்படிச் சொல்றது? அந்த டிக்கெட்டே அப்படித்தான் மாமா. தேதிய மட்டும்தான் நாம குடுக்கணும். ஊர அவன் முடிவு பண்ணுவான். ஏறுறதுக்கு ரெண்டு நாளு முந்திதான் இமெயில் வரும். போக வர நூத்தித் தொண்ணூறு வெள்ளி காசுதான். கூச்சிங் வரும், கிராபி வரும், எது வேணும்னாலும் வரும்.

— இது என்னடா கூத்து! எங்க போறோம்னு தெரியாம எவனாச்சும் காசு கட்டுவானா? முப்பது வருஷம் லோரி ஓட்டியிருக்கேன். ஒரு நாளாச்சும் எந்த ஊருன்னு கேக்காம சாவியப் போட்டிருப்பேனா?

— அதுலதான் மாமா சொகமே இருக்கு. நம்ம மாநிலத்துல வெள்ளி, சனிதான் லீவு. வியாழக்கெழம ஃபேக்டரி முடிஞ்சதும் ஏழு கிலோ பேக்கத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா போதும். அங்க என்னை ஒருத்தனுக்கும் தெரியாது. “அப்பாவுக்கு எப்படி இருக்கு”ன்னு எவனும் கேக்க மாட்டான்.

— கேட்டா மட்டும் உனக்குப் பதில் தெரியுமாக்கும்! மாமா, இவனுக்கு இமெயில் செவ்வாக்கெழமையே வந்திருக்கும். புதன் ராத்திரி பூரா வீட்டுலதான் இருந்தான். நான் ஆக்கிப் போட்டதத் தின்னுட்டு, கட்டில்ல கெடக்குற மனுசனத் தாண்டிக்கிட்டுப் போனான். “அக்கா, மேடான் போறேன்”னு சொல்ல வாய் வரல.

— சொன்னா என்ன சொல்லுவ? “அப்பா இப்படிக் கெடக்குறாரு, உனக்கு ஊரு சுத்தணுமா?” அஞ்சு வருஷமா அதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

— பாட்டாடா அது? வாயக் கழுவுடா! வாதம் வந்து விழுந்த நாள்லேர்ந்து குளிப்பாட்டுனது யாரு? பெம்பர்ஸ் மாத்துனது யாரு? கையுறை ஃபேக்டரில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, காலுகூடக் கழுவாம அவருக்குக் கஞ்சி ஊட்டியிருக்கேன். நீ அப்ப கிராபி கடல்ல குளிச்சுக்கிட்டிருந்த.

— நான் ஒண்ணுமே செய்யலயா? ஆஸ்பத்திரிக்கு காடி ஓட்டுனது யாரு?

— ரெண்டே தடவ. ரெண்டாவது தடவ வாசல்ல எறக்கி விட்டுட்டு ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடுன.

— சுடாலா, போதும்! படகுக்காரரு பாக் மாட் நாலு தடவ திரும்பிப் பாத்துட்டாரு. தண்ணி ஏறியிருக்கும்போதே போயிட்டு வந்துரணும், வத்திட்டா படகு சேத்துல ஒக்காந்துரும். யாரு பானைய எடுத்துக்கிட்டு ஏறுறீங்க?

— நான்தான் மாமா. கொள்ளி வெச்ச கைதான் கரைக்கணும்.

— பொம்பள கொள்ளி வெச்சத நம்ம சொந்தத்துல எவன் பாத்திருக்கான்? ஒரு நாளு பொறுக்க முடியலயா க்கா உனக்கு? ஒரே ஒரு நாளு! இன்னிக்கு மத்தியானம் வந்து நிக்கிறேன்ல?

— இன்னிக்கு என்ன கெழமடா? சனி. சனிப் பொணம் தனியா போகாதுன்னு உனக்குத் தெரியாது? நேத்து விடியக்காலம் போன உசுரு. ஏழு மணிக்கெல்லாம் லோகேஸோட அம்மா செல்லாயி அத்தையே வந்து சொல்லிட்டாங்க, “பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரும்மா, எங்க வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு”ன்னு. நீ வர்ற வரைக்கும் வெச்சிருந்தா பாடையில கோழியக் கட்டித்தான் தூக்கியிருக்கணும்.

— கட்டியிருக்க வேண்டியதுதானே! ஒரு கோழி! ஒரு கோழிக்குப் பாத்துக்கிட்டு அப்பா மொகத்தக்கூட என்னைப் பாக்க விடாம பண்ணிட்ட!

— கோழிய விடுடா. மச்சான் ஒடம்ப ஆறு மணி வரைக்கும் வெச்சிருக்கலாம்னு நானும்தான் சொன்னேன். உமாதான் நாலு மணிக்கே எடுத்துரலாம்னுச்சு. “அவன் எந்த ஊருல இருக்கான்னே தெரியல மாமா, யாருக்காகக் காத்துக் கெடக்குறது”ன்னு ஓன்னு அழுதுச்சு. எனக்கும் மனசு கேக்கல.

— பின்ன? இருவத்து மூணு தடவ போன் அடிச்சேன். சுத்தி நின்னவங்க எல்லாரும் பாத்தாங்க. தொர எடுத்தாத்தானே?

— அங்க நம்ம லைன் வேல செய்யாது லா. ரோமிங் போடல. ஹோட்டல் வைஃபை மட்டும்தான்.

— அந்த வைஃபைல படம் மட்டும் நல்லா ஏறுது, இல்ல? வியாழக்கெழம ராத்திரி கையில டுரியான் பழம், தலையில இதே தொப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியுது. இங்க அவருக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒரு கையில அவரு தலையப் புடிச்சுக்கிட்டு மறு கையில உன் படத்தப் பாத்தேன்டா.

— இரு. வியாழக்கெழம ராத்திரியே பாத்தியா?

— பாத்தேன். அதுக்கென்ன?

— அதுல மேடான்னு போட்டிருந்தேனே க்கா.

— போட்டிருந்த.

— அப்ப நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியும். வைஃபை இருக்குன்னும் தெரியும். வாட்சாப்ல ஒரு வரி போட உனக்கு என்ன வந்துச்சு?

— உமா, என்னம்மா சொல்றான் இவன்? எந்த ஊருன்னே தெரியலன்னு எங்கிட்ட அழுதியே.

— அழுதேன்.

— அந்த இருவத்து மூணு தடவ அடிச்சது?

— அடிச்சேன் மாமா. கெடைக்காதுன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். எல்லாரும் பாக்கட்டும்னு அடிச்சேன்.

— அடிப்பாவி! பொணத்தப் போட்டுக்கிட்டா இப்படிச் செஞ்ச?

— அம்பது நிமிஷம் மாமா! மேடான்லேர்ந்து பிளேன் ஏறுனா அம்பதே நிமிஷம்! காலைல ஒரு வரி போட்டிருந்தா நாலு மணிக்குள்ள ஓடி வந்திருப்பேன். எங்கப்பாவுக்கு நான் கொள்ளி வெச்சிருப்பேன். பெத்த புள்ள இருக்கும்போது அநாதைப் பொணம் மாதிரி அனுப்பிட்டா!

— ஆமாடா, வந்திருப்ப! வந்திருப்பன்னுதான் போடல! வந்து வேட்டியக் கட்டிக்கிட்டு, கொடத்தத் தோள்ல வெச்சு மூணு சுத்து சுத்தி, “மகன் செஞ்சான்”னு பேரு வாங்கிட்டு அடுத்த வாரம் பறந்திருப்ப. நான் பொம்பளைங்களோட வாசல்ல நின்னு மாரடிச்சுட்டு, வீட்டக் கழுவி விடணும், அதானே? அஞ்சு வருஷம் அவரு மலத்த அள்ளுன கை இது. கொள்ளிக்கு மட்டும் ஆகாதா? எனக்கு மனசு வரலடா. எங்கப்பாவத் தூக்கி உங்கையில குடுக்க எனக்கு மனசே வரல.

— கேட்டுக்கிட்டீங்களா மாமா?

— கேட்டேன். உமா, நீ பட்ட பாடு மெர்போக் ஊரு முழுக்கத் தெரியும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது பெரிய பாவம்மா. அவன் ஊரு சுத்தி, சரி. ஊதாரி, சரி. அதுக்காக அப்பன் மொகத்த மறைக்கலாமா? பானைய அவங்கிட்டக் குடு.

— மாமா, வேணாம் மாமா.

— குடுன்னா குடு! கொள்ளிதான் போச்சு. கரைக்கிறதாச்சும் அவன் செய்யட்டும், பதினாறாம் நாளும் அவனே ஒக்காரட்டும். நீ படகுல ஏற வேணாம். இங்கயே நில்லு.

— இந்தா. புடி. ரெண்டு கையாலயும் புடிடா. அஞ்சு வருஷத்துல நீ அவரத் தூக்குறது இதான் மொத தடவ.

— பேசாத உமா. வசந்தா, ஏறுடா. பாக் மாட் கயித்த அவுத்துட்டாரு. ஏறு, பாத்து, வழுக்கும். ஏன்டா நிக்கிற?

— நான் ஏறல மாமா. அக்கா, இந்தா. நீயே வாங்கிக்க.

— என்னடா வெளையாட்டா இது? இம்புட்டு நேரம் மல்லுக்கு நின்னுட்டு, கையில குடுத்தா வேணாங்குற?

— லோகேஸ் எங்கிட்ட ஏர்போர்ட்ல சொல்லல மாமா. நேத்து காலைல ஏழரைக்கே மெசேஜ் போட்டுட்டான், “உங்கப்பா போயிட்டாரு, சாயங்காலம் எடுக்குறாங்க, ஒடனே வா”ன்னு. அப்பவே படிச்சுட்டேன். பதினோரு மணி பிளேன்ல எடம் இருந்துச்சு. நான்தான் ஏறல.