மதினியின் வெறுங்கழுத்து

குற்றாலம் போகும் பஸ்ஸில், முன்சீட்டிலிருந்த வெள்ளைச் சேலைக்காரி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"மதினிக்கு அறுக்கத் தாலியே இல்லக்கா."

"ஒங்க அண்ணன் போன வாரந்தான செத்தாரு?"

"ரெண்டு பேருமா ஓலக் கொட்டகையில பெந்தெகொஸ்தே சபை ஆரம்பிச்சப்பவே, நகநட்டு கூடாதுன்னு தாலியையும் கழத்திட்டா. அன்னையிலருந்து வெள்ளச் சேலதான். புருசன் இருக்கையிலேயே இந்தக் கோலமான்னு எங்கம்மை ஏசாத நாளில்ல."

"பொறவு?"

"நானும் தாலியறுத்தவல்லா, சடங்கு செய்ய என்னையத்தான் உள்ள அனுப்புனாவ. கழுத்துக்குப் போன கைய என்ன செய்யன்னு தெரியாம அவ தலையில வச்சேன்."

பஸ் இலஞ்சியைத் தாண்டியது.

"அதுவரைக்கும் அழாதவ அழுதுட்டா. 'எனக்காக ஜெபம் பண்ணுதியாம்மா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரிஞ்சது அதான். 'முருகா'ன்னேன். அவ 'ஆமென்'னா."