ஆட்டுக்கு நட்ட அகத்தி

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரத்துப் பெண் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“எங்க இளைஞர் குழுவுக்கு மரம் நடக் குடுத்த பணத்துல பாதிய ஆட்டுத் தீனிக்கே போட்டுட்டோம்டி.”

“இன்னாடி சொல்ற? பருவநிலைத் திட்டத்துக்குன்னு குடுத்தது. குடுத்தவங்க கேக்க மாட்டாங்களா?”

“கேட்டாங்க. நேர்ல வந்து பாத்துட்டு, சரின்னுட்டாங்க. போன வருசம் ஏரிக்கரையில வேப்பங்கன்னும் புங்கங்கன்னும் வெச்சோம். ஒண்ணு விடாம ஆடு மேஞ்சிடுச்சி. ஆட்டுக்காரங்களோட சண்டை போட்டதுதான் மிச்சம். இந்த வருசம் முன்னாடியே அவங்ககிட்ட பேசிட்டு, சுத்தி அகத்தி போட்டு, அது தழைஞ்ச பின்னாடி உள்ள கன்னு வெச்சோம். ‘அகத்தித் தழைய ஒடிச்சி உங்க ஆட்டுக்குப் போட்டுக்கோங்க, உள்ள இருக்குற கன்னுக்குத் தண்ணி ஊத்துங்க’ன்னு அவங்ககிட்டயே விட்டுட்டோம்.”

“ஊத்துறாங்களா?”

“நேத்து உள்ள பூந்து ஒரு வேப்பங்கன்னத் தொட்டுப் பாத்தேன். போன வருசம் எங்கள அடிக்க வந்துச்சே ஆட்டுக்கார அலமேலு அத்தை, அது கரைமேல நின்னு கத்துது: ‘யாருடி அவ, எங்க கன்னு மேல கை வெக்கிறவ?’”