நடுங்கிய கை வைத்த புள்ளிகள்

முட்டத்தை அடுத்த நம் திருச்சபைத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி நிறைவு பெறும் திருமதி ராகேல் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்.

அகரத்தை அன்போடு அறிமுகம் செய்த அம்மையே! அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைச் சிரிக்கச் சிரிக்க வீட்டுக்கு அனுப்பிய அன்னையே! மூக்கொழுகிய முகங்களை முந்தானையால் துடைத்து, முதல் எழுத்தைக் கைபிடித்து எழுதவைத்த எங்கள் முன்னோடியே! ராகேல் டீச்சரே, உங்களுக்கு எங்கள் வணக்கம். உங்களைத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

உங்களை நேருக்கு நேர் புகழ்வது பெரிய பாடு. ‘நீங்கள்’ என்று தொடங்கினாலே தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவீர்கள். இதோ, இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆகையால், ராகேல் டீச்சர் என்று வேறு யாரோ ஒருவர் இருந்தார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவரே தேநீர் இடைவேளைகளில் எங்களிடம் துண்டு துண்டாகச் சொன்ன கதையைக் கோத்து, இந்தச் சபைக்குச் சொல்கிறோம்.

அந்த ராகேல் டீச்சர் கரும்பலகையில் எழுதியதை அச்சென்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்த கல்வி அதிகாரிகள் உண்டு. வகுப்புப் பலகையில் தினமும் காலையில் அன்றைய வேத வசனத்தை எழுதுவது அவர் வழக்கம். ஜன்னல் வழியாக அது தெருவுக்கும் தெரியும். மீன் ஏலத்துக்குப் போகிறவர்களும் பேருந்துக்கு ஓடுகிறவர்களும் ஒரு கணம் நின்று வாசித்துவிட்டுப் போவார்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. நாகர்கோவில் டாக்டர் பார்த்துவிட்டு, “உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. ஆனா இது போவாது டீச்சர், பழகிக்கணும்” என்றார். டீச்சர் பழகிக்கொள்ளவில்லை, மறைத்தார். கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டார். எங்களோடு தேநீர் குடிப்பதை நிறுத்தினார். தம்ளர் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? தினமும் ஒரே ஜெபம்: “ஆண்டவரே, இந்தக் கையை மட்டும் நிறுத்தித் தாரும். வேறொன்றும் கேட்கமாட்டேன்.” மழை வந்தது, போனது. கை நிற்கவில்லை. பதிலும் வரவில்லை.

ஒரு நாள் காலை, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் இஞ்ஞாசி, மகள் சிந்தியாவின் நோட்டைப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரே, இதக் கொஞ்சம் பாருங்க. இந்த ‘அ’ என்னா, காத்துல கெடக்க வள்ளம் மாதிரி ஆடுது? எனக்க பிள்ளைக்குக் கையில ஏதாவது சீக்கா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணுமா?”

பின்னால் நின்ற சிந்தியா அப்பா உடுத்தியிருந்த சாரத்தை இழுத்தாள். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா. போர்டுல அப்படித்தான் இருக்கு. அத்தன வளைவும் போடுதது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?”

டீச்சர் அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று மதியம் எல்லா நோட்டுகளையும் மேசைமேல் விரித்தார். முப்பத்தொரு நோட்டு. முப்பத்தொரு அகரமும் ஒரே மாதிரி நடுங்கின. ஒரு நெளிவைக்கூட விடாமல், டீச்சர் எழுதியதை எழுதியபடியே பார்த்து எழுதியிருந்தார்கள், அந்த நல்ல பிள்ளைகள்!

சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதினார். அதுவும் நடுங்கியது. நாளைக் காலை கடைசியாக ஒரு வசனம் எழுதிவிட்டு, கடிதத்தைத் தலைமையாசிரியர் செல்வதாஸ் சாரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு.

மறுநாள் அவர் நீளமான வசனம் எதையும் தேடவில்லை. ஒரே ஒரு சொல்: பயப்படாதே. கோடு கோணாமல் இருக்கட்டும் என்று, எழுத்துகள் போகும் வழியெல்லாம் முதலில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். புள்ளி வைக்க நடுக்கம் தடையில்லை. பட்டென்று வைத்து எடுத்துவிடலாம். அதன்பிறகு கோடு இழுக்கவேண்டும். கை பலகையைத் தொட்டது, ஆடியது, இறங்கியது. மறுபடி தொட்டது. மறுபடி இறங்கியது. டீச்சர் பலகையைப் பார்த்தபடியே நின்றார். திரும்பினால் பிள்ளைகள் கண்ணீரைப் பார்த்துவிடுவார்கள். இப்படியே வெளியே போய்விடலாம் என்று நினைத்தார். கடிதம் பையில் இருந்தது.

“டீச்சர்...”

நந்தனா. பகவதி என்பவரின் மகள். தினமும் காலையில் அம்மா வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளை. “புள்ளி வச்சாச்சி இல்லியா டீச்சர்? இனி நான் இழுக்கட்டா? வீட்டுல எங்கம்ம வைப்பா, நான்தான் இழுப்பேன்.”

அவள் அதைக் கோலம் என்றே நினைத்துவிட்டாள்! பதிலுக்குக் காத்திராமல் ஒரு சாக்பீஸை எடுத்து, எட்டி நின்று, ஒரே மூச்சில் ‘ப’வை இழுத்தாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் நடுக்கம் இல்லை.

“ஏட்டி, அடுத்தது எனக்கு!” என்று சிந்தியா பாய்ந்தாள். அவ்வளவுதான். வகுப்பே எழுந்து வந்தது. “மக்கா, தள்ளாத!” “நீ ஏற்கெனவே தொட்டாச்சி, போ!” என்று ஒரே கூச்சல். பலகையில் பயப்படாதே என்ற சொல் முழுதாக எழுந்து நின்றது.

டீச்சர் திரும்பினார். மாதக்கணக்காக ஒளித்த கையைச் சேலைத் தலைப்பிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினார். “இங்க பாருங்க மக்கா. டீச்சருக்க கை ஆடும். இனி நிக்காது.”

முதல் பெஞ்சுப் பிபின் உற்றுப் பார்த்தான். “வலிக்குதா டீச்சர்?”

“இல்ல மக்கா.”

“அப்போ ஆடட்டு” என்றான்.

அன்று தலைமையாசிரியர் அறைக்கு டீச்சர் போகத்தான் செய்தார். கையில் இருந்த தாளைப் பார்த்து, “லெட்டரா டீச்சர்?” என்று செல்வதாஸ் சார் கை நீட்டினார். “இல்ல சார், ரெண்டு பெட்டி சாக்பீஸ் வேணும். இனி முப்பத்தொண்ணு பேரு போர்டுல எழுதுவாங்க.” அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில், மறுநாள் வசனத்துக்குப் புள்ளி வைத்துப் பழகியிருந்ததை நாங்களே பார்த்தோம்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, “நடுக்கம் எனக்குத்தான், உங்க பிள்ளைகளுக்கு இல்ல” என்று அவர் சொன்னபோது, இஞ்ஞாசி தலையைச் சொறிந்தார். “இத மொதல்லயே சொல்லப்பிடாதா டீச்சரே? ஆடுத வள்ளத்துல நின்னு வலை இழுக்கியவன் நான். எனக்கா ஆட்டம் புதுசு?” கூட்டம் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அன்றைக்கு எங்களோடு தேநீர் குடித்தார், இரண்டு கையாலும் பிடித்து, பாதியைச் சேலையில் சிந்தி.

அந்த வார ஆசிரியர் ஜெபத்தில் அவர் சொன்னதை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை. “இந்த ஒரு கைய நிறுத்தித் தாரும்னு கேட்டேன். அவரு முப்பத்தொரு கைய அனுப்பித் தந்தாரு. சிலுவையில ஆணியடிச்சப்போ ஆண்டவருக்க கையும் ஒண்ணும் செய்ய முடியாத கையாத்தான் இருந்துது. நமக்கு ரட்சிப்பு வந்தது அந்தக் கையாலதான். பின்ன எனக்க கைய நான் எதுக்கு ஒளிக்கணும்?”

கதை முடிந்தது டீச்சர். கைப்பையை மூடிவிட்டு நிமிர்ந்து பாருங்கள். அதோ, முன்வரிசையில் வளர்ந்து நிற்கிறார்கள் நந்தனாவும் சிந்தியாவும் பிபினும். அன்றுமுதல் இன்றுவரை புள்ளி உங்களுடையதாகவும் கோடு பிள்ளைகளுடையதாகவும் ஆறு ஆண்டு வசனங்கள் அந்தப் பலகையில் பூத்தன. எங்களில் ஒருவருக்கு வீட்டில் துக்கம், ஒருவருக்கு உடம்பில் நோவு, ஒருவருக்கு வெளியே சொல்ல முடியாத தோல்வி. உங்கள் கையைப் பார்த்துத்தான் நாங்கள் எங்கள் நடுக்கங்களை ஒளிக்காமல் இருக்கக் கற்றோம். பலமுள்ளவர்களிடம் வேலை கற்கலாம். நம்பிக்கையை உங்களிடம்தான் கற்றோம்!

அன்று நீங்கள் கேட்காமல் விட்ட ஓய்வு, இன்று தானாக வந்திருக்கிறது. தேநீர் சிந்தினாலும் சிரிப்புக் குறையாமல், பேரப்பிள்ளைகள் சூழ, கடற்காற்றைப் போல நிறைவான நாள்களை ஆண்டவர் உங்களுக்கு அருளட்டும்!

கடைசியாக ஒன்று. இந்த மடலின் அடியில் உங்கள் பெயரை நாங்கள் எழுதவில்லை. இந்த ஆண்டின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே புள்ளிகள் மட்டும் வைத்திருக்கிறார்கள். மேடைக்கு வாருங்கள். அந்த வலது கையாலேயே, எல்லோர் முன்னிலையிலும், நீங்கள்தான் கோட்டை இழுக்கவேண்டும். நேராக வரவேண்டியதில்லை. அது எப்படி ஆடுகிறதோ அப்படியே சட்டம் போட்டு உங்கள் கையில் தருவோம்.

ஆடட்டும் டீச்சர்!

உங்கள் புள்ளிகளால் எழுதக் கற்ற,
தலைமையாசிரியர், ஆசிரியர்கள், அலுவலர்கள், சத்துணவுக் கூடத்தார்.