மூணாவது அறை யாருக்கு?

அத்தை: வேண்டாம். அந்த ஹோட்டலும் வேண்டாம்.

மருமகள்: ஏன் அத்தை? லிஃப்ட் இருக்கு, வெந்நீர் வருது, ஜன்னலைத் திறந்தா மணிக்கூண்டு தெரியுது. இன்னும் என்ன வேணும்?

அத்தை: ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எங்க பார்த்தாலும் வெள்ளை டைல்ஸ். அதுல படுக்கவா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தோம்?

மருமகள்: சரி, முதல்ல பார்த்தது?

அத்தை: அது சந்தை. வாசல்லயே ஆளைப் பிடிச்சு இழுக்கறான்.

மருமகள்: பழைய ஊருக்குள்ள கார் வராது அத்தை. பெட்டியை இழுக்கறது நான். இந்தக் கல்லுத் தெருவுல ஒரு சக்கரம் ஏற்கெனவே ஆட்டம் கண்டுடுச்சு.

அத்தை: குடு, நான் இழுக்கறேன்.

மருமகள்: முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க. இதுல பெட்டி வேற...

அத்தை: நில்லு. கொஞ்சம் நில்லு.

மருமகள்: வலிக்குதா?

அத்தை: வலியெல்லாம் இல்ல. இந்தக் கதவைப் பாரு.

மருமகள்: ...எம்மாடி.

அத்தை: கதவா இது? ரெண்டு வீட்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சாலும் உள்ள போயிடும் போல இருக்கே.

மருமகள்: ஓரத்துல பலகை மாட்டியிருக்காங்க. இதுவும் ஹோட்டல்தான். பெரிய கதவுக்குள்ளயே ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு வெச்சிருக்காங்க பாருங்க. குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும்.

அத்தை: என் உயரத்துக்கு நான் வேற குனியணுமா... ஐயோ.

மருமகள்: இடிச்சுட்டீங்களா?

அத்தை: இல்லடி. நிமிர்ந்து பாரு.

மருமகள்: வெளியில அவ்வளவு சந்தடி. உள்ள ஒரு அடி வெச்சதும் அப்படியே அடங்கிடுச்சே. அந்தத் தூணெல்லாம் பாருங்க, மேல போகப் போக வானத்துக்குள்ள போற மாதிரி...

மேலாளர்: வாங்கம்மா. புதுசா வர்றவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் நிப்பாங்க. நின்னு பார்த்துட்டு மெதுவா வாங்க, அவசரமில்ல.

அத்தை: நீங்க...?

மேலாளர்: இந்த ஹோட்டலோட மேலாளர். அந்தக் காலத்துல இது துணி வியாபாரிங்களோட கிட்டங்கி. குதிரைங்க சுமையோட நேரா முற்றத்துக்கே வந்துடும். கீழ சரக்கை அடுக்குவாங்க, மேல வியாபாரிங்க தூங்குவாங்க.

அத்தை: கட்டி எத்தனை வருஷம் இருக்கும் தம்பி?

மேலாளர்: நானூறுன்னு ஒருத்தர் சொல்றார். அதெல்லாம் இல்ல, ஐந்நூறுன்னு இன்னொருத்தர் வந்து சண்டை போடறார். கட்டினவங்க எதையும் எழுதி வைக்கல.

அத்தை: எழுதி வேற வைக்கணுமாக்கும். இந்தச் சுவரைப் பாரு. ரெண்டு கையை விரிச்சாலும் கனம் பிடிபடல. ஜன்னல் குழிக்குள்ள ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்.

மேலாளர்: படுக்கறாங்கம்மா. மெத்தை போட்டு வெச்சிருக்கோம்.

மருமகள்: அத்தை, இங்க வாங்களேன். இந்தப் படி நடுவுல எப்படிக் குழிஞ்சிருக்கு பாருங்க.

அத்தை: தண்ணி விழுந்து அரிச்சதா?

மேலாளர்: இல்லம்மா. கால் பட்டுத் தேஞ்சது.

அத்தை: கால் பட்டு... கல்லா தேயும்? அப்போ எத்தனை பேர் ஏறி இறங்கியிருக்கணும்... தம்பி, செருப்பைக் கழட்டிட்டு ஏறலாமா? மிதிச்சுப் பார்க்கணும் போல இருக்கு.

மேலாளர்: தாராளமா.

அத்தை: சில்லுனு இருக்குடி. என் பாதம் அப்படியே பொருந்திப் போகுது. யாரோ அளவெடுத்து வெச்சிட்டுப் போன மாதிரி.

மருமகள்: உங்க பிள்ளை இருந்திருந்தா இந்நேரம் கேமராவும் கையுமா...

அத்தை: கேமராவா? முற்றத்துல மல்லாந்து படுத்திருப்பான். எழுப்பிக் கூட்டிட்டு வர நீ ஒரு ஆள், நான் ஒரு ஆள்.

மருமகள்: அவர் போனதுக்கு அப்புறம்... அவர் பேச்சை எடுத்து நீங்க சிரிச்சு இப்பதான் அத்தை பார்க்கறேன்.

அத்தை: இந்த இடத்துல நின்னு என்னன்னு அழறது. எத்தனை ஜனம் வந்து, எத்தனை துக்கத்தைத் தூக்கிக்கிட்டு இந்தப் படி ஏறுச்சோ. நம்மளுது அதுக்கு நடுவுல எங்கயோ சின்னதா இருக்கு.

மேலாளர்: எத்தனை ரூம் வேணும்மா?

மருமகள்: ஒண்ணு போதும்.

அத்தை: மூணு.

மருமகள்: மூணா?

அத்தை: எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு.

மருமகள்: ரெண்டுதானே ஆச்சு. மூணாவது யாருக்கு, பெட்டிக்கா?

அத்தை: ஒருத்தர் வர்றார். தம்பி, அந்த ரூம் எங்க மாடியில வேண்டாம். அதுக்காக ரொம்பத் தள்ளியும் வேண்டாம். நல்ல மனுஷன், வெளிச்சமா இருக்கணும்.

மேலாளர்: முற்றத்தை ஒட்டி கீழ ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி உங்க மாடி அறையைப் பார்த்துடுங்க. வாங்க.

மருமகள்: யாரு அத்தை வர்றது?

அத்தை: முதல்ல ரூமைப் பார்ப்போம்.

மேலாளர்: இதுதான். உள்ள வாங்க. விளக்கு எதுவும் போடல, கூரையில இருந்து வர்ற வெளிச்சம்தான்.

அத்தை: ...கடவுளே.

மருமகள்: கூரை முழுக்க ஓட்டை... இல்ல, ஒவ்வொண்ணுலயும் கண்ணாடி பதிச்சிருக்காங்க. தரையெல்லாம் வட்ட வட்டமா வெயில்.

அத்தை: கவனிச்சியா... அது நகருது. நாம நின்னுக்கிட்டு இருக்கோம், வெயில் நம்மளைத் தாண்டிப் போகுது.

மேலாளர்: இன்னொண்ணும் இருக்கும்மா. இந்த மூலையில சுவரோட வாயை வெச்சுக் கிசுகிசுன்னு பேசினா, எதிர் மூலையில நிக்கறவங்களுக்குத் தெளிவா கேக்கும். கட்டினவங்க வித்தை. பேசிப் பாருங்க, நான் போய்ச் சாவி எடுத்துட்டு வரேன்.

மருமகள்: நீங்க இங்கயே நில்லுங்க அத்தை, நான் அந்த மூலைக்குப் போறேன். ம்... பேசுங்க.

அத்தை: கேக்குதா?

மருமகள்: காதுக்குள்ளயே உக்காந்து பேசற மாதிரி இருக்கு. உடம்பெல்லாம் சிலிர்க்குது.

அத்தை: திரும்பாதே. சுவரைப் பார்த்தே நில்லு. உன் முகத்தைப் பார்த்தா எனக்குச் சொல்ல வராது.

மருமகள்: ...சொல்லுங்க.

அத்தை: நம்ம கண்ணாடிக் கடைக்காரர் இருக்காரே... எனக்கு மூக்குக் கண்ணாடி போட்டுக் குடுத்தவர். நீகூட முதல் தடவை கூட்டிட்டுப் போனியே.

மருமகள்: ம்.

அத்தை: அவர்தான் சாயங்கால ரயில்ல வர்றார்.

மருமகள்: எதுக்கு?

அத்தை: உன்னைப் பார்க்க. நான்தான் வரச் சொன்னேன். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னும் சொல்லி வெச்சேன்.

மருமகள்: ...

அத்தை: இருக்கியா?

மருமகள்: இருக்கேன்.

அத்தை: திருகாணி தளர்ந்துபோச்சு, மூக்குல அழுத்துதுன்னு எதுக்காவது போய்க்கிட்டே இருப்பேன்ல. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. நான் வாசல்ல கால் வெச்சாலே எழுந்து நிப்பார். அம்மாவைப் பார்த்துக்கிட்டே கல்யாண வயசைத் தாண்டிட்டாராம். எனக்கு மனசுல பட்டுச்சு. போன மாசம் நானே போய்க் கேட்டுட்டேன்.

மருமகள்: நீங்களா கேட்டீங்க?

அத்தை: வேற யார் கேப்பா? வாய் கூசிச்சு. மாமியாரே மருமகளுக்கு மாப்பிள்ளை தேடறாளேன்னு நாலு பேர் பேசுவாங்கதான். பேசட்டும்.

மருமகள்: அவர் என்ன சொன்னாரு?

அத்தை: தொடச்ச கண்ணாடியையே தொடச்சுக்கிட்டு இருந்தார். அப்புறம், "அவங்க சரின்னா எனக்கும் சரி"ன்னார். ஊர்ல வெச்சுக் கேட்டா உனக்கு வேண்டாம்னு சொல்லக்கூட சங்கடமா இருக்கும். அதான் யாரும் தெரியாத இடமா பார்த்தேன். பிடிக்கலேன்னா சொல்லிடு, அவர் பாட்டுக்குக் கிளம்பிடுவார். நாம இந்தக் கூரையைப் பார்த்துட்டுப் போவோம்.

மருமகள்: நான் அவர் வீட்டுக்குப் போயிட்டா... அப்புறம் நான் உங்களுக்கு யாரு அத்தை?

அத்தை: ...அதைத்தான் நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். என்ன முறைன்னு சொல்லத் தெரியல. ஆனா நீ எங்க இருந்து அத்தைன்னு கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். அது போதாதா?

மருமகள்: ...

அத்தை: அழறியா? இங்க எல்லாம் கேக்குது.

மருமகள்: அழுதேன்... இப்போ சிரிக்கறேன்.

அத்தை: என்ன சிரிப்பு? பிடிக்கலையா?

மருமகள்: அவர் என்கிட்ட கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அத்தை. "எனக்குச் சம்மதம்தான், ஆனா எங்க அத்தைக்கு உங்களைப் பிடிக்கணும், அவங்களா வந்து உங்களைக் கேக்கணும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, அடுத்த வாரமே உங்களை அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நீங்க கேட்டதை என்கிட்டயும் சொல்லாம, நான் சொன்னதை உங்ககிட்டயும் சொல்லாம, பாவம், மனுஷன் எப்படித்தான் இருந்தாரோ... நீங்க உள்ள வந்ததும் எழுந்து நிப்பார்னு சொன்னீங்களே, அது மரியாதை மட்டுமில்ல அத்தை, பயம்.