பிரேக் பெடலுக்குக் கட்டிய பூ

ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் தடித்த புத்தகமொன்றைப் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, முன்சீட்டுத் தம்பதியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, லைட்டு எரிஞ்சா எரியட்டும். பூசைக்குக் கட்டுன பூவைப் பிக்காதீங்க, அதுவா உதிரோணும்."

"ஏ புள்ள, ஆயுத பூசைக்கு எல்லாரும் ஜீப்பு மூஞ்சிக்கு மாலை போடுவாங்க. நீ பிரேக் பெடலுக்குச் சுத்தியிருக்கற. நாரு சிக்கிப் பெடல் மேல வரமாட்டேங்குது. பிரேக் லைட்டு ராவெல்லாம் எரிஞ்சு பேட்டரி காலி. ஜீப்பை வெச்சுக்கிட்டு பஸ்ஸுல போறோம்!"

"மலையில நம்மளக் காப்பாத்தறது மூஞ்சிங்களா, பிரேக்குங்களா?"

"நாளைக்குக் கல்யாணத்துல நம்ம பொண்ணு ஏறி உக்காந்ததும் வண்டி கெளம்பலைன்னா?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எறங்கித் தள்ளட்டுமுங்க. நம்ம பொண்ணு எப்பேர்ப்பட்ட எடத்துக்குப் போறான்னு இங்கயே பாத்துக்கலாமுல்ல!"

கணவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.