இரண்டு தரவுகள்

கோடு போடாத தாளிலும் எனக்கு நேராக எழுத வரும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் ஓவசியராக இருந்தவன்; என் குறிப்பேட்டில் ஒரு வரி சரிந்ததில்லை. ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஆள் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியதில்லை. நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் சின்னத்தம்பி வீரபாகு. வயது அறுபத்தொன்பது. பூர்வீகம் யாழ்ப்பாணம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து என் தகப்பனார் வன்னிக்கு வந்தார். ஓமந்தையிலிருந்து உள்ளே நான்கு கிலோமீற்றரில், வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வீடு. என் மனைவி அமராவதி இறந்து இன்றோடு முப்பத்துமூன்று நாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை காத்திருந்தேன். சாவுத் துடக்கோடு பொலிசுக்கு வருவது முறையல்ல.

எங்களுக்கு ஒரே மகள், கௌசலா. இருபத்தேழு வயது. வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. சென்ற வருடம், சிங்கப்பூர் போய் வணிக முகாமைத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னாள். அதற்கு ஜிமாட் என்றொரு நுழைவுச் சோதனை எழுத வேண்டும். கொழும்பில், கணினிக்கு முன்னால். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தைந்து நிமிடம். நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் படிப்புக்கு ஒருநாளும் மறுப்பு இருந்ததில்லை.

வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, குசினி மேசையில் புத்தகத்தோடு இருப்பாள். அமராவதிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் நேரம் பார்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பெரிய இலக்கம் போட்ட எலாம் மணிக்கூடு ஒன்றை நாற்பத்தைந்து நிமிடத்துக்கு முறுக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்ப்பாள். மணி அடித்தால் அகப்பையோடு திரும்புவாள்.

"பேனையை வை பிள்ளை. நேரம் முடிஞ்சுது."

"இன்னும் ஒரு கேள்வி அம்மா."

"உன்ர ஒரு கேள்விக்கு நான் மூண்டு முருங்கைக்காய் வெட்டியிட்டன். வை எண்டால் வை."

இருவரும் சிரிப்பார்கள். நான் விறாந்தையில் கதிரையில் இருப்பேன்.

அமராவதிக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். கண் பார்வை மங்கிவிட்டது. ஊசிக்குழாயின் சின்னக் கோடுகள் அவளுக்குத் தெரியாது. அதனால் இன்சுலின் ஊசியை நான்தான் போட்டேன். பதினொரு வருடத்தில் ஒருநாளும் தவறவில்லை. ஊசி குத்தும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இவ்வளவு வருடம் போட்ட பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

ஒருநாள் கௌசலா என்னிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வந்தாள்.

"அப்பா, இது உங்கட பாடம். ஒரு குளத்தில எவ்வளவு தண்ணி கிடக்கு? ரெண்டு தரவு தருவாங்கள். ஒண்டு, ஒரு நாளைக்கு இவ்வளவு வெளியில போகுது. ரெண்டு, பத்து நாளில குளம் வத்தும். நீங்கள் விடை சொல்லத் தேவையில்லை. இந்தத் தரவு விடை எடுக்கக் காணுமோ காணாதோ எண்டு மட்டும் சொன்னாச் சரி."

"வெயிலுக்கு ஆவியாப் போறது?"

"ஐயோ அப்பா, நீங்கள் இந்தச் சோதினை எழுதினால் முட்டைதான்." பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு சொன்னாள்: "ஆனா கனபேர் மற்றப் பக்கமாத்தான் பிழை விடுறது. காணாத தரவை வச்சுக்கொண்டு காணும் எண்டு முடிவெடுக்கிறது."

விடை தேடாமல், தரவு போதுமா என்று மட்டும் பார்க்கும் அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஓவசியர் வேலையும் அதுதான். எல்லாம் தெரிந்த பிறகுதான் மதகைத் திறப்பேன் என்றால் வயல் கருகிவிடும்.

அவள் மேசையில் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. சஜீவன். அவளோடு வேலை செய்பவன். தகப்பன் பெயரை விசாரித்தேன். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பம். அவர்களைப் பற்றி எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எங்கள் வயலில் களை எடுத்தவர்கள், கதிர் அறுத்தவர்கள். அவர்களுக்கென்று இரண்டு குவளை குசினிக்குப் பின்னால் எப்போதும் கொளுவியிருக்கும். ஒருநாளும் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

அது முதல் தரவு.

இரண்டாவதைக் குகதாசன் தந்தான். ஓட்டோ ஓடுகிறவன், எங்கள் வாசல் படலைக்கு எதிர்வீடு. வயல்காரர், கமக்காரர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும்போது சொன்னான்:

"என்ன ஓவசியர் ஐயா, இனி உங்கட வீட்டில தேயிலைக்குக் குறைவிராது போல கிடக்கு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சனிக்கிழமைகளில் கௌசலாவும் அந்தப் பொடியனும் வவுனியா நூலகத்துக்குள் ஒன்றாகப் போவதைத் தான் பார்த்ததாகப் பிறகு சொன்னான். கொழும்புக்கும் ஒரே ரெயிலில், ஒரே நாள் சோதனைக்குத்தான் போகப் போகிறார்களாம்.

மகளிடம் நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படி வழக்கமில்லை. தகப்பன் மகளிடம் அப்படி ஒன்றைக் கேட்டால் அந்தக் கேள்வியே வீட்டுக்கு அவமானம். கதைக்கும்போது அவனை அவள் "சஜீவன் அண்ணா" என்றுதான் சொல்லுவாள். தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். இரண்டு தரவும் சேர்ந்து காணும் என்று முடிவெடுத்தேன்.

அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை, கடவுச்சீட்டை ஒளிக்கவில்லை. அவையெல்லாம் ஊருக்குத் தெரிகிற வேலைகள். ஒரு மகள் தானாகவே வீட்டில் நிற்பதற்கு நல்ல காரணம் ஒன்று இருந்தால் போதும்.

வாய்க்காலின் தலைப்பில் மதகுப் பலகையை இரண்டு விரல் அளவு இறக்கினால் மேல் வயல்காரனுக்குத் தெரியாது. கடைசி வயல்தான் காயும். அதுவும் மெதுவாக. யாரும் ஓவசியரைக் குறை சொல்லமாட்டார்கள், மழை இல்லை என்பார்கள். நான் ஊசியின் அளவைக் குறைத்தேன். நிறுத்தவில்லை, குறைத்தேன்.

முதல் தடவை அது சரியாக நடந்தது. சோதனைக்கு நான்கு நாள் இருக்க அமராவதிக்குத் தலைச்சுற்றும், சாப்பிட்டது வயிற்றில் நிற்காத சத்தியும். வவுனியா ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். கௌசலா திகதியைப் பின்போட்டுவிட்டுத் தாயின் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அளவாக மருந்து கொடுத்தபடியால் அமராவதி தேறி வீட்டுக்கு வந்தாள்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அமராவதி விடவில்லை. வந்த அன்றே மணிக்கூட்டைத் துடைத்து மேசையில் வைத்தாள்.

"அடுத்த திகதி எப்ப பிள்ளை?"

ஆறு கிழமை கழித்து என்றாள் மகள். நான் மறுபடி குறைத்தேன்.

ஒரு காலை ஊசி போட்டு முடிந்ததும் அமராவதி மருந்துக் குப்பியை என் கையிலிருந்து வாங்கினாள். கண் தெரியாதபடியால் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இந்தமுறை மருந்து கனநாள் நிண்டு பிடிக்குது, என்ன?" என்றாள்.

நான் ஊசிக்குழாயை மூடி வைத்தேன். குப்பியை அவளே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாளும் கையை நீட்டினாள். அன்றிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஊசி ஏறி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்குள் எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிறகு அவள் நோயை மறைக்கத் தொடங்கினாள். இரவில் நாலைந்து தரம் எழும்பித் தண்ணீர் குடிப்பாள். காலையில் முகத்துக்குப் பவுடர் போட்டு மகளுக்கு முன்னால் நிமிர்ந்து இருப்பாள். நான் இன்னும் குறைத்தேன். அவள் இன்னும் நிமிர்ந்தாள்.

சோதனை சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வெள்ளிக்கிழமை நான் ஊசியைக் குத்தினேன். உள்ளே மருந்து இருக்கவில்லை. பின்னேரம் கௌசலா பையோடு இறங்கியபோது அமராவதி படலைவரை நடந்து போனாள். எப்படி நடந்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

"அம்மா, முகம் வாடிக்கிடக்கு. நான் நிக்கட்டோ?"

"போடி விசரி. சோதினைக்குப் பயமெண்டு சொல்லு. என்னைச் சாட்டாத."

மகளை ஏற்றிய வண்டி திரும்பி மறையும்வரை கை காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். நான்தான் தூக்கிவந்து படுக்க வைத்தேன்.

சனிக்கிழமை விடியும்போது மூச்சு வேகமாக இழுத்தது. இதுதான் சமயம், இப்போது சொன்னாலும் பிள்ளை சோதனை மண்டப வாசலிலிருந்து திரும்பிவிடுவாள் என்று தொலைபேசியைத் தேடினேன். எங்களிடம் இருப்பது ஒன்றுதான். மேசையில் இல்லை. அமராவதி அதைத் தன் முதுகுக்குக் கீழே வைத்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் அந்த எலாம் மணிக்கூடு இருந்தது. மணியைப் பதினொன்றரைக்கு வைத்திருந்தாள். மூன்று பகுதி, இடையில் கொஞ்ச நேர ஓய்வு எல்லாம் கணக்குப் பண்ணி.

நோயாளியைப் புரட்டித் தொலைபேசியை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்வீட்டில் குகதாசனின் ஓட்டோ நின்றது. ஒரு சத்தம் போட்டால் வந்திருப்பான். ஆனால் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிப்பார்கள், ஊசி யார் போட்டது என்று கேட்பார்கள், அதைக் குகதாசன் கேட்டுக்கொண்டு நிற்பான். கதிரையை இழுத்துக் கட்டிலருகே இருந்தேன். ஒன்பது மணியிலிருந்து இரண்டு பேரும் மணிக்கூட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"முதல் பகுதி முடிஞ்சிருக்கும்," என்றாள் ஒருதரம்.

பதினொன்றரை ஆயிற்று.

மணி அடித்தது. அவள் கண்ணைத் திறந்து, முதுகுக்குக் கீழிருந்து தொலைபேசியை இழுத்து என்னிடம் நீட்டினாள்.

"இப்ப எடுங்கோ."

அம்புலன்ஸ் இலக்கத்தைக் கௌசலா எப்போதோ சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். எடுத்தேன். வண்டி வந்தது. ஓமந்தை தாண்டும்போது அமராவதி போய்விட்டாள். அந்த நேரம் கௌசலா மண்டபத்துக்கு வெளியே நின்று, நல்ல புள்ளி வந்திருக்கிறது என்று தாய்க்குச் சொல்ல எங்கள் இலக்கத்தை அழைத்துக்கொண்டிருந்தாள். நான் அம்புலன்ஸில் இருந்துகொண்டு அதை எடுத்தேன்.

இழவு வீட்டுக்குச் சஜீவன் வந்தான். கூடவே நிரோஜா என்று அவன் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை. கௌசலா அந்தப் பெண்ணின் தோளில் விழுந்து "அக்கா, அக்கா" என்று அழுதாள். கொழும்பில் மகள் தங்கியது நிரோஜாவின் தாய் வீட்டிலாம். நூலகத்திலும் அந்தப் பெண் குழந்தையோடு கூடவே இருந்தவளாம். இந்தத் தகவல் எனக்கு முன்பு யாரும் தரவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல. அன்றும் குசினிக்குப் பின்னால் கொளுவியிருந்த குவளைகளில்தான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். இழவு வீட்டிலும் முறை முறைதான்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் மனச்சாட்சி என்று எழுத வேண்டாம். ஊரில் ஒரு கதை நடக்கிறது. சோதனைப் பைத்தியத்தில் மகள் தாயைக் கவனிக்கவில்லை, தாய் சாகக்கிடக்க விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனாள் என்று குகதாசன் வீட்டில் கதைக்கிறார்கள். அது பொய். வீரபாகுவின் மகள் கடமை தவறியவள் என்று ஒரு சொல் நிற்கக் கூடாது. அமராவதி செத்தது என்னால். மருந்து இருந்தது, நான் கொடுக்கவில்லை. தெரிந்துதான் கொடுக்கவில்லை. இதைத் தெளிவாகப் பதிந்துகொள்ளுங்கள்.

கௌசலா அந்தப் புள்ளியை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பவில்லை. வேலைக்கும் போவதில்லை. காலையில் எனக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறாள். முப்பத்துமூன்று நாளாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. தகப்பனுக்கு அவ்வளவு மரியாதை.

இன்று பொலிசுக்குப் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய்ச் சால்வையை மடித்துக் கொண்டுவந்தாள். அதன் மேல் ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றிய பொருள் ஒன்று இருந்தது.

"இதையும் கொண்டு போங்கோ," என்றாள்.

அந்த இன்சுலின் குப்பி, இன்னும் முக்கால்வாசி நிறைந்தபடி. அதை இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். நான் கேட்கவேயில்லை, அவளாகவே எடுத்து, குளிர் போகாமல் சுற்றி, பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். பிள்ளையை நாங்கள் அப்படித்தான் வளர்த்தோம்.