பெயர் வேண்டாம், டோக்கன் போதும்

சுபிதா: ...இல்ல மேடம். எனக்கு ஒரு கொறையும் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் நடத்தினாவ.

ஜெஸ்பின்: ஏட்டி! அப்படிச் சொன்னா பின்ன நான் என்னத்தக் கேக்க? இது எக்சிட் இண்டர்வியூ ரோல் ப்ளேயாக்கும். நீ வேலைய விட்டுப் போற தொழிலாளி, நான் கம்பெனி எச்சார் மேடம். மனசுல கெடக்கதெல்லாம் நீ கொட்டணும், நான் எழுதணும். அதுக்குத்தான் இருவது மார்க்கு.

சுபிதா: வேலைய விட்டுப் போறவளா... போன்னு சொல்லி விட்டவளா?

ஜெஸ்பின்: சாரு தந்த தாள்ல 'வெளியேறும் தொழிலாளி'ன்னுதான் போட்டிருக்கு. எதுன்னாலும் கேள்வி ஒண்ணுதான்.

சுபிதா: எதுன்னாலும் ஒண்ணுதான்... கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு.

ஜெஸ்பின்: என்னட்டி ஒருமாதிரி பேசுகே? காலைல இருந்தே மொகம் சரியில்ல. வைவா பேடியா, பயமா? எம்பிஏ ரெண்டு வருசம் ஓட்டியாச்சு, இந்த அரமணிக்கூறு ஓட்ட மாட்டோமா?

சுபிதா: பேடியொண்ணும் இல்ல. நீ கேளு.

சுல்ஃபியா: படிக்கட்டுலயா இருக்கீங்க ரெண்டு பேரும்! லைப்ரரி, கேன்டீன் எல்லாம் தேடி எனக்க காலு போச்சு. நீங்க ஏழாவது ஜோடி. இப்பம் நாலாவது உள்ள போயிருக்கு.

ஜெஸ்பின்: ஒனக்கு முடிஞ்சா சுல்ஃபியா? எக்ஸ்டெர்னல் எப்படி?

சுல்ஃபியா: சிரிக்கவே மாட்டேங்காரு. மோட்டிவேஷன்னா என்னன்னு கேட்டாரு. எங்க தேங்காப்பட்டணத்துல மீன் ஏலத்துக்கு வாப்பாவ எழுப்புகதுதான் சார்னேன். அப்பவும் சிரிக்கல.

ஜெஸ்பின்: ஒனக்கு எல்லாம் வெளயாட்டு.

சுல்ஃபியா: பின்ன? எனக்கு வேலயா ரெடியா இருக்கு? ஒனக்கல்லா இருக்கு. ஏட்டி, ஒரு சங்கதி கேட்டியா... ஒனக்க அண்டி ஆபீஸ் மேனேஜரு, நீ இண்டர்ன்ஷிப் பாத்த முந்திரி ஃபேக்டரிக்காரரு, வந்திருக்காரு. முன்வரிசையில இரிக்காரு, பொக்கேயும் வச்சிக்கிட்டு. பெஸ்ட் ப்ராஜெக்ட் சர்ட்டிபிகேட்டும் வேல ஆர்டரும் அவரு கையாலயாம். ஹெச்சோடி இப்பம்தான் சொன்னாரு.

ஜெஸ்பின்: ...அவரா? இன்னைக்கா வந்திருக்காரு?

சுல்ஃபியா: என்ன மக்கா வெளறிட்டே? சந்தோசத்துலயா? நம்ம பேட்ச்லயே மொத எச்சார் மேடம். ட்ரீட்டு எப்பம்? சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தந்து ஏமாத்தாத. பிரியாணி வேணும்.

ஜெஸ்பின்: தாறேன், தாறேன். நீ போ, நாங்க ஒருக்கா சொல்லிப் பாக்கட்டு.

சுல்ஃபியா: அஞ்சாவது ஜோடி போவும்போ வந்து கூப்பிடுகேன். சுபி, நீயாவது இவள ஒண்ணு சிரிக்க வை.

சுபிதா: ...நான் எங்க சிரிக்க வைக்க.

ஜெஸ்பின்: சரி, மொதல்ல இருந்து. "வாங்கம்மா, இரிங்க. ஒங்க பேரு?"

சுபிதா: தாணம்மாள்.

ஜெஸ்பின்: பேரெல்லாம் யோசிச்சு வச்சிருக்கே, கள்ளி. "எத்தன வருசமாட்டு வேல பாக்குதீங்க?"

சுபிதா: பதினெட்டு வருசம். தல்லு செக்ஷன்ல.

ஜெஸ்பின்: அண்டி ஆபீஸா? எனக்க ஏரியாவுலயே வாறியா? செரி, செரி... "அங்க ஒங்களுக்கு என்ன வேலம்மா?"

சுபிதா: வறுத்த அண்டிய ஒவ்வொண்ணா கல்லுல வச்சுத் தட்டணும். தோடு பொட்டணும், உள்ள பருப்பு ஒடயப்பிடாது. முழுப் பருப்புக்குத்தான் கூலி. ஒடஞ்சா கழிச்சிருவாவ.

ஜெஸ்பின்: சூப்பர். எனக்க ப்ராஜெக்ட்ட வரி விடாமப் படிச்சிருக்கே. "பின்ன ஏம்மா அடிக்கடி லீவு எடுத்தீங்க?"

சுபிதா: சில நாளு அண்டி சரியா வறுபடாம வரும் மேடம். அத எப்படித் தட்டினாலும் ஒடயும். அண்ணைக்கு நாள் முழுக்க குத்தவச்சிருந்தாலும் பாதிக்கூலிதான். அதனால காய்ச்சல்னு சொல்லி அனுப்பிட்டு, பக்கத்துல வேற ஆபீஸ்ல தல்லப் போவேன்.

ஜெஸ்பின்: ...இதுவும் ப்ராஜெக்ட்ல வாசிச்சதுதானா?

சுபிதா: நீங்க கேளுங்க மேடம்.

ஜெஸ்பின்: "இத... நீங்க மேனேஜருட்ட சொன்னீங்களா?"

சுபிதா: அவருட்ட எவ சொல்லுவா? காலேஜ்ல இருந்து ஒரு பிள்ள வந்திச்சு. எங்க கூடவே தரையில இருந்து மரச்சீனிக் கெழங்கு தின்னுச்சு. அக்கா, ஒங்க பேரு வேண்டாம், டோக்கன் போதும்னு சொல்லிச்சு. அதுட்ட சொன்னேன்.

ஜெஸ்பின்: சுபி... நிறுத்து. வெளயாட்டு போதும்.

சுபிதா: டோக்கன் நூத்தி நாப்பத்தேழு மேடம்.

ஜெஸ்பின்: என்ன நம்பரு சொன்னே?

சுபிதா: எழுதல்லியா மேடம்?

ஜெஸ்பின்: அந்த நம்பரு ப்ராஜெக்ட்ல எங்கயும் இல்ல. ஒரு பக்கத்துலயும் இல்ல. ஒனக்கு எப்படித் தெரியும்?

சுபிதா: ப்ராஜெக்ட்ல இல்ல. பின்ன எங்க இருந்திச்சு?

ஜெஸ்பின்: சர்வே ஃபாரத்துல. மூலையில... பென்சிலால. கைட் சாரு சொன்னாரு, அறுவது பேருட்ட கேட்டேன்னு சொன்னா அறுவது தாள் கணக்கு ஒத்து வரணும், ஒராளுட்ட ரெண்டு தடவ கேக்கப்பிடாதுன்னு. அதுக்காக்கும் டோக்கன் போட்டேன். வேற ஒண்ணுக்கும் இல்ல. கர்த்தர் மேல சத்தியமா வேற ஒண்ணுக்கும் இல்ல.

சுபிதா: சத்தியமெல்லாம் வேண்டாம். அந்தத் தாளு எப்படி மேனேஜரு கைக்குப் போச்சு?

ஜெஸ்பின்: நாந்தான் குடுத்தேன்.

சுபிதா: எல்லாத் தாளையும் கட்டோட?

ஜெஸ்பின்: ஓ... கட்டோட. இண்டர்ன்ஷிப் முடிஞ்சுன்னு சீல் வச்சுத் தரணும்லா? சும்மா ஒண்ணு பாக்கணும், வச்சிட்டுப் போம்மான்னாரு. சாயா வாங்கித் தந்தாரு. எனக்க மனசுல அப்பம் ஒண்ணும் படல்ல சுபி. பென்சில அழிச்சிட்டாவது குடுத்திருக்கலாம். ஒரு ரப்பரு... அஞ்சு நிமிசம். அது கூட தோணல்ல.

சுபிதா: திரும்பத் தந்தாரா?

ஜெஸ்பின்: மறுநாளு தந்தாரு.

சுபிதா: அப்படியேவா தந்தாரு?

ஜெஸ்பின்: ...எதுக்குட்டி இப்படி நோண்டுகே?

சுபிதா: எக்சிட் இண்டர்வியூல மனசுல கெடக்கதக் கொட்டணும்னு நீதானே சொன்னே? இப்பம் நான் எச்சார். நீ சொல்லு.

ஜெஸ்பின்: சில தாள்ல... நம்பருக்குப் பக்கத்துல செவப்பு மையில ஒரு டிக்கு கெடந்துச்சு.

சுபிதா: எண்ணினியா?

ஜெஸ்பின்: பஸ்ல வச்சு எண்ணினேன். கருங்கல் ஸ்டாப்பு வாறதுக்குள்ள மூணு தடவ எண்ணினேன். பதினொண்ணு.

சுபிதா: வேலைய விட்டு நிறுத்தினதும் பதினொண்ணு பேரத்தான்.

ஜெஸ்பின்: தெரியும்.

சுபிதா: எப்பம் தெரியும்?

ஜெஸ்பின்: ஓணம் கழிஞ்ச மறுவாரம். யாரோ வாட்சப்ல போட்டாவ, அண்டி ஆபீஸ் கேட்டுக்கு வெளிய பொம்பளையள் இரிக்கியது. ஃபோட்டோவ ஒரு நிமிசம் பாத்தேன், டெலீட் பண்ணிட்டேன். சரக்கு வரத்து இல்ல, அதனால ஆளக் கொறச்சிருப்பாவன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கள்ளம். பஸ்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

சுபிதா: தெரிஞ்சும்...

ஜெஸ்பின்: சீல் வச்ச அதே மேசயில வச்சுத்தான் சுபி, எச்சார் ட்ரெய்னியாட்டு எடுத்துக்கிடுகேன்னு சொன்னாரு. வீட்டுல சொன்னேன், அம்மை ஞாயிற்றுக்கெழம சபையில ஸ்தோத்திரக் காணிக்க போட்டாச்சு. போதகரு எனக்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணினாரு. எல்லாரும் திரும்பிப் பாக்காவ... நான் எங்க போய் என்னத்தச் சொல்ல?

சுபிதா: மொத செமஸ்டர்ல நாம என்னத்தட்டி எழுதினோம்? தொழிலாளி செலவு இல்ல, சொத்துன்னு. சர்வேல சொன்னவியளுக்க பேரு வெளிய வரப்பிடாதுன்னு. அந்தப் பதிலுக்கு எனக்கு பத்துக்கு ஒம்பது.

ஜெஸ்பின்: எனக்கு பத்துக்கு பத்து.

சுபிதா: பேர வெளிய விடல்லதான் நீ.

ஜெஸ்பின்: குத்தாத சுபி. ரிப்போர்ட்ல நான் அவியளுக்கு எதிராட்டு ஒரு வரி எழுதல்ல. கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன்? லீவுக்குக் காரணம் தொழிலாளி இல்ல, வறுப்புதான், மொதல்ல வறுப்பச் சரி பண்ணுங்கன்னுதானே?

சுபிதா: அவரு கடைசிப் பக்கம் வாசிக்கல மக்கா. மூலைய வாசிச்சாரு.

ஜெஸ்பின்: ...நூத்தி நாப்பத்தேழு. எனக்கு ஞாபகம் இருக்கு. ஸ்டூல முந்தானையால தொடச்சுப் போட்டாவ. எனக்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாவ. நல்லா படி மக்கா, பெரிய ஆபீசராட்டு வரணும்னு சொன்னாவ. அவியள ஒனக்குத் தெரியுமா? ஒனக்க ஊரா?

சுபிதா: எனக்க வீடு.

ஜெஸ்பின்: என்னது?

சுபிதா: எனக்க அம்மை.

ஜெஸ்பின்: சும்மா போட்டி... ஒனக்க அம்மை கருங்கல்ல தையல்கடைல்லா வச்சிருக்காவ?

சுபிதா: தையல்கடையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சொன்ன கள்ளம் அது. ஃபிரஷர்ஸ் டேக்கு எல்லாரும் அம்மைக்க வேலையச் சொன்னீங்க. டீச்சரு, நர்சு, பேங்குன்னு. எனக்கு வாயில வந்தது தையல்கடை. வந்ததுக்குப் பெறவு மாத்த முடியல்ல.

ஜெஸ்பின்: தாணம்மாள்...

சுபிதா: ஓ. பதினெட்டு வருசம். கையில ஏறின அண்டிக் கறைய தேங்காண்ணெ போட்டுத் தேச்சாலும் போகாது. இப்பம் வேல இல்லாம கொஞ்சம் கொஞ்சமாட்டு வெளுத்து வருகு. அதப் பாத்துப் பாத்து இரிக்காவ. எனக்கு வெப்ராளமும் வேதனையுமாட்டு வருகு.

ஜெஸ்பின்: எனக்க மேல காறித் துப்பு சுபி. ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

சுபிதா: துப்பினா யாருக்கு வேல கெடைக்கும்?

ஜெஸ்பின்: வேற ஆபீஸ்ல...?

சுபிதா: அந்தப் பதினொண்ணு பேரையும் எடுக்கப்பிடாதுன்னு எல்லா ஆபீசுக்கும் சொல்லியாச்சு. வெள்ளிக்கெழம லேபர் ஆபீஸ்ல விசாரண. அம்மை போறாவ. ஒங்களுக்கு ஆராவது சாட்சி உண்டுமான்னு கேப்பாவளாம்.

ஜெஸ்பின்: சாட்சியா?

சுபிதா: நான் ஒண்ணும் கேக்கல்ல. ஒனக்கு ஆர்டரு வந்திருக்கு. திங்கக்கெழம சேரணும். எனக்குத் தெரியாதா?

ஜெஸ்பின்: நீ கேக்க மாட்டே. கேட்டா எனக்கு லேசாட்டு இருந்திருக்கும்.

சுல்ஃபியா: ஏட்டி, வாங்கட்டி! அஞ்சாவது முடிஞ்சு, ஆறாவது போயாச்சு. ஜெஸ்பின், மேனேஜரு ஒன்னக் கேட்டாரு. எங்க பிள்ள எங்கன்னு கேக்காரு... என்ன, ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கியிருக்கு? நடிப்ப இஞ்சயே நடிச்சுத் தீத்துப்புட்டீங்களா?

ஜெஸ்பின்: வாறோம்னு சொல்லு சுல்ஃபியா.

சுல்ஃபியா: சீக்கிரம் வாங்க. மொகத்தக் கழுவிட்டு வாங்க.

ஜெஸ்பின்: சுபி... உள்ள போனதும் நான் எச்சாராட்டு இரிக்க மாட்டேன். நீ கேளு, நான் சொல்லுகேன். மூலையில எழுதினதும், கட்டோட குடுத்ததும், டிக்க எண்ணினதும்.

சுபிதா: அவரு முன்வரிசையில இரிப்பாரு.

ஜெஸ்பின்: இரிக்கட்டு.

சுபிதா: ஆர்டரு?

ஜெஸ்பின்: போவட்டு. வெள்ளிக்கெழமயும் வாறேன். அந்த டிக்கு போட்ட தாளெல்லாம் வீட்டுல, எனக்க பெட்டிக்க அடியில கெடக்கு. எறியவும் முடியல்ல, எடுக்கவும் முடியல்ல.

சுபிதா: வீட்டுல என்ன சொல்லுவே? காணிக்கையெல்லாம் போட்டாச்சே...

ஜெஸ்பின்: தெரியாது. அழுவாவ. நானும் கூட இருந்து அழுவேன்.

சுபிதா: ...வேல திரும்பக் கெடைக்கும்னு நெனைக்கியா?

ஜெஸ்பின்: அதுவும் தெரியாது சுபி. சரி, எழும்பு. போவோம்.

சுபிதா: ம்.

ஜெஸ்பின்: இல்ல, நில்லு. ஒண்ணு மட்டும் சொல்லு. அம்மைக்கு நான் ஆருன்னு தெரியும்லா? எம்பிட்டு நேரம் எனக்க முன்ன இருந்தாவ... சுபிதாக்க அம்மைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தாள எடுத்து மாத்தியிருப்பேனே.

சுபிதா: மத்த பத்து பேருக்க தாள?

ஜெஸ்பின்: ...தாள் கட்டயே குடுத்திருக்க மாட்டேன். ஒரு மொகம் தெரிஞ்சிருந்தா குடுக்கத் தோணியிருக்காது. ஏன் சொல்லல்ல அவிய?

சுபிதா: மொத நாளு ராத்திரி கேட்டாவ மக்கா. "ஜெஸ்பின்னு ஒரு பிள்ள வந்திருக்கு, ஒனக்க கூட்டுக்காரியாக்குமே, நாளைக்கு எங்கிட்ட கேப்பா, நான் ஒனக்க அம்மைன்னு சொல்லட்டா"ன்னு ஆசையாட்டுக் கேட்டாவ. நான்தான்... "உண்மைய எல்லாம் சொல்லு, அவ பேர வெளிய விடமாட்டா, ஆனா எனக்க அம்மைன்னு மட்டும் சொல்லிராத, கிளாஸ்ல எனக்கு நாணக்கேடு"ன்னேன்.